எந்தச் சிகிச்சை என்பதற்கு முன், எந்தச் சிரை?

சில மாதங்களுக்கு முன்பு சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மையார் தம் மகளுடன் என்னிடம் வந்திருந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நூற்பாலையில் நின்றும் நடந்தும் வேலை பார்த்தவர். இடது கணுக்காலின் உட்புறத்துக்குச் சற்று மேலே ஒரு புண். சுற்றிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தது. மூன்று ஆண்டுகளாகக் கட்டு மாற்றி வருவதாகச் சொன்னார். சேலையைச் சற்று உயர்த்தியபோது முழங்காலுக்குக் கீழே சிரைகள் முறுக்கிய கயிறு போலப் புடைத்துத் தெரிந்தன. அந்த மூன்று ஆண்டுகளில் அவற்றை ஒருமுறைகூட எவரும் ஸ்கேன் செய்து பார்த்ததில்லை.

நான் பேசத் தொடங்குமுன்பே மகள் கேட்டார்: "டாக்டருங்க, லேசர் பண்ணுனா எவ்வளவுங்க ஆகும்?"

அந்தக் கேள்வியில் தவறு காண எனக்கு மனமில்லை. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் குடும்பம் அதைத்தான் முதலில் கேட்கும். ஆயினும் வெரிகோஸ் வெயின் என்னும் சுருள் சிரை நோயில், கருவியின் பெயரிலிருந்து தொடங்கும் உரையாடல் பல நேரங்களில் தவறான இடத்தில் போய் முடிகிறது. லேசரா, பசையா, அறுவையா என்பது இரண்டாவது கேள்வி. எந்தச் சிரையில், எந்த இடத்தில் கசிவு என்பதே முதல் கேள்வி. இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது அதைத்தான்.

நம் பகுதியில் இந்நோயை 'நரம்பு சுருட்டல்' என்றே பலரும் சொல்கிறார்கள். நரம்பு உணர்வையும் அசைவுக்கான கட்டளையையும் கொண்டு செல்வது. இங்கே சுருண்டிருப்பது சிரை. உடலில் சுற்றி முடித்த இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு செல்லும் குழாய். இந்தப் பெயர்க் குழப்பத்தால் நரம்புக்கான சத்து மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கிவிட்டு வருவோர் உண்டு. வால்வு பழுதான சிரையை எந்தச் சத்து மாத்திரையும் சரிசெய்வதில்லை.

மோட்டார் பம்புக்குப் பெயர்பெற்ற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கிணற்றுக் குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கும். அது பழுதானால், ஏறிய நீர் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கிவிடும். காலின் சிரைகளிலும் அப்படிப்பட்ட சிறு வால்வுகள் பல உள்ளன. நாம் நடக்கும்போது கெண்டைத்தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. வால்வுகள் அது கீழே திரும்பாமல் தடுக்கின்றன. தசை இயங்காமல் மணிக்கணக்கில் நிற்கும்போது பம்பு ஓய்ந்துவிடுகிறது. வால்வும் பழுதாகிவிட்டால் இரத்தம் கீழே தேங்கி, அழுத்தம் ஏறி, சிரை விரிந்து சுருள்கிறது. அடுத்து வீக்கம், அரிப்பு, தோல் கறுத்தல், இறுதியில் ஆறாத புண். பரம்பரை, கர்ப்பம், உடற்பருமன், முதுமை ஆகியவையும் இதற்குத் துணைபோகின்றன.

எந்த வால்வு பழுது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது. அதற்கு டாப்ளர் ஸ்கேன் வேண்டும். ஊசியோ கதிர்வீச்சோ இல்லாத பரிசோதனை இது. கசிவைச் சரியாகக் கணிக்க நோயாளியை நிற்கவைத்தே பார்க்க வேண்டும். தொடையின் உட்புறமாக ஓடும் பெருஞ்சிரை கசிகிறதா, கெண்டையின் பின்புறமுள்ள சிறுசிரை கசிகிறதா, மேற்சிரையையும் ஆழ்சிரையையும் இணைக்கும் கிளைகள் கெட்டிருக்கின்றனவா என்பவற்றை அது காட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆழ்சிரைகள் திறந்திருக்கின்றனவா, அவற்றில் பழைய இரத்த உறைவு உண்டா என்பதையும் சொல்லும். ஆழ்சிரை அடைபட்ட காலில் மேற்சிரையே மாற்றுப்பாதையாக இருக்கக்கூடும். ஆராயாமல் அதையும் அடைத்துவிட்டால் வந்த துன்பம் இரட்டிப்பாகும்.

இந்த வரைபடம் கையில் வந்தபிறகுதான் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க முடியும். ஒவ்வொன்றைப் பற்றியும் நான் நோயாளிகளிடம் சொல்வதை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

அழுத்தக் காலுறை வீக்கத்தையும் கனத்தையும் குறைக்கும். கெட்ட வால்வைத் திருத்தாது. கர்ப்பிணிகளுக்கும், தலையீட்டுச் சிகிச்சை ஏற்காதவர்களுக்கும் அதுவே துணை. அணியுமுன் பாதத்தின் தமனி ஓட்டத்தைச் சோதிப்பது அவசியம். நீரிழிவாலோ புகைப்பழக்கத்தாலோ தமனி அடைபட்ட காலில் இறுக்கமான காலுறை தீங்கு செய்யும்.

லேசரும் ரேடியோ அலைச் சிகிச்சையும் உறவு முறையில் அண்ணன் தம்பிகள். சிரைக்குள் மெல்லிய இழையைச் செலுத்தி, சுற்றிலும் மரத்துப்போகும் மருந்து கலந்த நீர்மத்தை ஏற்றி, வெப்பத்தால் சிரையை உள்ளிருந்தே மூடிவிடுகிறோம். பெரும்பாலோர் சில மணி நேரத்தில் நடந்து வீடு திரும்பலாம். இவ்விரண்டில் எது மேல் என்று விளம்பரங்கள் வாதிடுவதைப் பொருட்படுத்த வேண்டாம். தேர்ந்த கையில் இரண்டும் நல்ல பலன் தருகின்றன.

பசை முறையில் வெப்பமும் இல்லை, சுற்றிலும் ஏற்றும் நீர்மமும் இல்லை. வசதியானது, ஆனால் செலவு கூடுதல். சிலருக்குப் பசையால் ஒவ்வாமை அழற்சி வரக்கூடும். நுரை ஊசி குறைந்த செலவில் முடியும். சிறு கிளைகளுக்கும் மீண்டும் தோன்றிய சுருள்களுக்கும் ஏற்றது. பெருஞ்சிரையை நுரையால் மட்டும் மூடினால் அது மீண்டும் திறந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். தொடையிடுக்கில் சிரையைக் கட்டி, உருவி எடுக்கும் அறுவை சிகிச்சை மிகப் பழையது. இழை நுழைய முடியாத அளவுக்கு வளைந்து நெளிந்த சிரைகளுக்கு இன்றும் அதுவே பொருந்தும்.

பிரிட்டனில் 798 பேரிடம் லேசர், நுரை, அறுவை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2019இல் வெளியானது. நுரை பெற்றவர்களைவிட லேசரோ அறுவையோ பெற்றவர்களின் வாழ்க்கைத்தரம் மேம்பட்டிருந்தது. ஆகவே 'அறுவை என்றால் பழையது, தாழ்ந்தது' என்ற எண்ணம் சரியன்று. அரசு மருத்துவமனையில் முறையாக அறுவை செய்துகொண்டவர், தமக்கு ஏதோ குறைந்த சிகிச்சை கிடைத்துவிட்டதாக வருந்த வேண்டியதில்லை. தனியார் மருத்துவமனையில் பணிபுரியும் நான் இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம், உண்மை அதுதான்.

இனி, நான் அடிக்கடி காணும் இரு தவறுகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, அவசரம். காலில் மெல்லிய நீலக் கோடுகள் தெரிந்தவுடன் லேசர் கேட்டு வருவோர் இருக்கிறார்கள். வலியோ வீக்கமோ இல்லாமல், ஸ்கேனில் கசிவும் இல்லாமல் இருந்தால் அவர்களுக்கு அது தேவையில்லை. கர்ப்ப காலத்தில் தோன்றும் சுருள்கள் பிரசவத்துக்குப் பின் ஓரளவு தாமாகவே சுருங்கும். அதுவரை பொறுப்பதே முறை.

இரண்டாவது, தாமதம். இதுவே கொடியது. புண் வந்தபின்னும் கட்டு மாற்றுவதே சிகிச்சை என்று ஆண்டுகளைக் கழிப்பவர்கள் ஏராளம். புண்ணுக்குக் களிம்பு தடவிக்கொண்டு, அதற்குக் காரணமான சிரையை விட்டுவிடுவது, குழாய் ஒழுகும்போது தரையை மட்டும் துடைப்பதற்கு ஒப்பாகும். சிரைப் புண் உள்ள 450 பேரிடம் பிரிட்டனில் நடந்த மற்றோர் ஆய்வு 2018இல் வெளியானது. எல்லோருக்கும் அழுத்தக் கட்டு போடப்பட்டது. அதனுடன் இரண்டு வாரத்துக்குள் சிரையையும் மூடியவர்களில் பாதிப்பேருக்கு 56 நாட்களில் புண் ஆறியது; சிரைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களில் பாதிப்பேருக்கு ஆற 82 நாட்கள் ஆயின. நாள் கூலிக்குப் போகும் ஒருவருக்கு அந்த இருபத்தாறு நாட்களின் பொருள் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

செலவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். ஸ்கேன் முடிவு வந்தபின், உங்கள் நிலைக்குப் பொருந்தும் முறைகள் எவை, ஒவ்வொன்றுக்கும் மொத்தச் செலவு எவ்வளவு, காலுறையும் மறுபரிசோதனையும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ உங்கள் தனிக் காப்பீட்டிலோ அந்தச் சிகிச்சைக்கு அனுமதி உண்டா என்று காப்பீட்டு உதவி மேசையில் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். ஆலைத் தொழிலாளர்களில் பலர் இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கிறார்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டே கடன் வாங்கி எங்களிடம் வருகிறார்கள். கோவையிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் சிகிச்சை எது என்று விசாரித்தபின் முடிவெடுங்கள். அப்படிக் கேட்பதால் எந்த நல்ல மருத்துவரும் வருந்தமாட்டார்.

சிகிச்சையோடு கதை முடிவதில்லை. மூடிய சிரை மூடியே இருந்தாலும், வேறு சிரைகள் பிற்காலத்தில் கெடலாம். மீண்டும் பத்து மணி நேரம் அசையாமல் நிற்க அனுப்பிவிட்டு நோய் திரும்பாதிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களின் செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர்கள், விசைத்தறி ஓட்டுவோர், பேக்கரியில் தேநீர் போடுவோர், ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் சாலையிலும் துணி எடுத்துக் காட்டுவோர், எங்கள் செவிலியர்கள் என எல்லோரும் நின்றே உழைக்கிறார்கள்.

நின்று வேலை செய்யும் தொழிலாளர், இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் அந்த உரிமையைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021இல் சட்டத் திருத்தத்தின் மூலம் வழங்கியது. கேரளம் அதற்கு மூன்றாண்டுகள் முன்பே வழங்கியிருந்தது. ஆக, நாற்காலி இங்கே எவரும் போடும் பிச்சையன்று. முதலாளிமார்களுக்கு ஒரு மருத்துவனாக என் வேண்டுகோள் இது: வேலை இல்லாத நிமிடங்களில் உட்காரும் பெண்ணைச் சோம்பேறி என்று எண்ணாதீர்கள். தேர்ந்த தொழிலாளியைப் புண்ணுக்கு இழப்பதைவிட ஒரு ஸ்டூல் மலிவானது.

அமர வாய்ப்பில்லாத நேரத்தில் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள். கெண்டைத்தசைப் பம்பு இயங்கும். வீட்டுக்கு வந்ததும் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுங்கள். சுருள் சிரை வெடித்து இரத்தம் பீறிட்டால் உடனே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்திப் பிடித்து, 108ஐ அழையுங்கள். நின்றுகொண்டோ நாற்காலியில் அமர்ந்தோ பார்க்க வேண்டாம். மேலே கயிறு கட்டவும் வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது ஆழ்சிரை உறைவாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

சோமனூர் அம்மையாருக்கு ஸ்கேனில் பெருஞ்சிரை முழுவதும் கசிவு தெரிந்தது. ஆழ்சிரைகள் நலமாக இருந்தன. இ.எஸ்.ஐ. அட்டை இருப்பதை அப்போதுதான் சொன்னார்கள். எந்த வழியில் சிகிச்சை பெறலாம் என்பதை மகளுக்கு எழுதிக் கொடுத்தேன். சிரை மூடப்பட்டு, அழுத்தக் கட்டும் தொடர்ந்தது. மூன்றாம் மாதம் புண் ஆறிய காலைக் காட்ட வந்தவர், வேலைக்குத் திரும்பச் சான்றிதழ் கேட்டார். கொடுத்தேன். அதன் கடைசி வரியில், பணியிடையே அமர்வதற்கு இருக்கை தேவை என்று எழுதினேன். அதைப் படித்த மகள், "இதையும் எழுதலாமுங்களா?" என்று கேட்டார். மருந்துச் சீட்டில் எழுதத் தகுந்த மருந்துதான் அது என்றேன்.