வலி வந்தாச்சு, எப்போது கிளம்புவது?

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் உள்ள ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையை ஊரில் யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எஸ்.ஏ.டி. என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். அங்கே பிரசவப் பகுதிக்கு வெளியே காத்திருக்கும் கூட்டத்தில், மலையாளத்துக்கு நடுவே கன்னியாகுமரித் தமிழும் காதில் விழும். மலையாளத்தில் பேற்றுநோவு, நமக்கும் அது புரிகிற வார்த்தைதான். கேட்கப்படும் கேள்வியும் ஒன்றே: ‘ராத்திரியே வலி வந்தாச்சு, இன்னும் ஏன் பிறக்கவில்லை?’

பிறக்காததற்குப் பெரும்பாலும் காரணம் எளிமையானது. வலி வந்தது உண்மை, ஆனால் பிரசவம் இன்னும் முழு வேகம் பிடிக்கவில்லை.

சூட்டு வலி என்று நம் வீடுகளில் சொல்வது பொய் வலியை. சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் நிஜ வலி. கஷாயத்தின் மகிமை இருக்கட்டும், காத்திருந்து கவனிப்பது நல்ல யோசனைதான். பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும். கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ குறையும். நிஜ வலி இடுப்பில் தொடங்கி முன்வயிற்றுக்குப் பரவும், இடைவெளி குறைந்துகொண்டே வரும், பலம் கூடிக்கொண்டே போகும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். தலைப்பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பலாம். இரண்டாவது மூன்றாவது பிரசவம் என்றால் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம், அது வேகமாக நடக்கும்.

காகிதமும் கடிகாரமும் பார்க்காமல் உடனே ஓட வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. பனிக்குடம் உடைந்து நீர் வருவது, ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, கடும் தலைவலியோடு கண் மங்குவது, வலிப்பு. முன்பு சிசேரியன் ஆனவர்கள் வலி தொடங்கியதுமே போய்விட வேண்டும். கர்ப்பப்பையில் பழைய தழும்பு உள்ள இடம் வலியின் அழுத்தத்தில் கிழிந்துவிட வாய்ப்பு உண்டு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் இதே திருவனந்தபுரத்தில், நேமம் பகுதியில், வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று தாயும் குழந்தையும் இறந்தார்கள். அந்தப் பெண்ணின் முந்தைய பிரசவங்கள் சிசேரியன் என்று செய்திகள் கூறின. கணவர் கைது செய்யப்பட்டார். 2025 ஏப்ரலில் மலப்புரத்தில் இன்னொரு வீட்டுப் பிரசவம். குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. இவையெல்லாம் நடந்தது நாட்டிலேயே பிரசவ மரணம் மிகக் குறைவான மாநிலத்தில். 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குக் கேரளத்தில் இறந்த தாய்மார்கள் 19. தமிழ்நாட்டில் 54, இந்தியா முழுவதற்கும் 97.

அந்த 19 சும்மா வந்துவிடவில்லை. 1916இல் தைக்காடு மருத்துவமனையின் மகப்பேறுப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். பெண் என்பதால் திருவனந்தபுரம் கல்லூரியில் அறிவியல் பாடம் மறுக்கப்பட்டு வரலாறு படித்தவர். பிறகு லண்டன் போய் டாக்டராகித் திரும்பினார். அந்தக் காலத்தில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போவது என்றாலே ஊர் பயந்தது. அவர் மருத்துவச்சிகளைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளையே சேர்த்துப் பேறுகாலப் பயிற்சி கொடுத்தார். எனக்கு இது அவருடைய பட்டங்களைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இனி உள்ளே நடப்பது. முதல் கட்டத்தில் கர்ப்பப்பையின் வாய் மெலிந்து திறக்கிறது. முழுத் திறப்பு 10 சென்டிமீட்டர். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்பதுதான் பல தலைமுறை டாக்டர்கள் படித்த பாடம். 2018இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் திருத்தியது. வேகமான கட்டம் 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மந்தமான கட்டத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வரம்பு கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும். 5க்குப் பிறகும் தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரம் வரை ஆகலாம். தாயும் சேயும் நலமாக இருந்தால், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவசரப்பட வேண்டியதில்லை.

மூன்று சென்டிமீட்டரில் அட்மிட் ஆகி, வாசலில் உறவினர் கூட்டம் பொறுமையிழந்து, ‘ஏதாவது பண்ணுங்க டாக்டர்’ என்று கெஞ்சினால் என்ன நடக்கும்? மருந்து ஏற்றி வலியை முடுக்குவதும், சில சமயம் கத்தியும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் கேரளத்தில் 38.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தமிழ்நாட்டில் 44.9. எல்லாம் அவசரத்தின் விளைவு என்று சொல்வது அநியாயம். ஆனாலும் ஜோசியர் குறித்துக் கொடுத்த முகூர்த்தத்தில் வயிற்றைத் திறக்கச் சொல்லும் குடும்பங்கள் இரண்டு மாநிலத்திலும் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

முதல் கட்டத்தில் மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டியதில்லை. நடப்பதும் நிமிர்ந்து உட்காருவதும் இந்தக் கட்டத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சிக்கல் இல்லாதவர்கள் கஞ்சி, பால், இளநீர் என்று லேசாகச் சாப்பிடலாம். பட்டினி போடுவது பழைய வழக்கம். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம். வலி வருகிறதோ இல்லையோ, பேதி வரும்.

இரண்டாம் கட்டம் முக்குவது. வாய் முழுதாகத் திறந்தபின், தானாக உந்துதல் வரும்போது முக்கினால் போதும். அதற்கு முன்பே பக்கத்தில் இருப்பவர்கள் ‘முக்கு, முக்கு’ என்று கத்துவதால் தாய்க்குக் களைப்புதான் மிச்சம். தலைப்பிரசவத்தில் மூன்று மணி நேரம் வரை போகலாம், அடுத்தடுத்த பிரசவங்களில் இரண்டு. எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரித்துத் தையல் போடுவதை இப்போது சிபாரிசு செய்வதில்லை. எனவே தேவையா என்று முன்கூட்டியே டாக்டரிடம் பேசிக்கொள்வதில் தப்பில்லை.

தயாரிப்பு என்றால் கடைசி வாரத்தில் பை அடுக்குவது அல்ல. ரத்தசோகையைச் சரி செய்வதுதான் முதல் வேலை. பிரசவத்தில் போகும் ரத்தத்தைச் சோகை பிடித்த உடம்பு தாங்காது. தினமும் நடங்கள். ஏழாம் மாதம் தாய் வீட்டுக்கு வரும் பெண்கள் டாக்டரையும் மாற்றுகிறார்கள், பழைய சீட்டுகளை மாமியார் வீட்டு அலமாரியில் விட்டுவிட்டு. ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை, மருந்துப் பட்டியல் எல்லாம் கூடவே வர வேண்டும். ரத்தம் கொடுக்க இரண்டு பேரைச் சொல்லி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி யாருடையது என்பதையும்.

பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலிநேரமும் குறைகிறது. அரசு மருத்துவமனைகளில் இதற்கு வழி செய்த முன்னோடி தமிழ்நாடு, 2004இல். மத்திய அரசின் அனுமதி 2016இல் வந்தது. அம்மாவோ அக்காவோ, பதறாத ஒருத்தரைத் தேர்ந்தெடுங்கள். அழுகிற சித்தி வெளியே இருக்கட்டும்.

மூன்றாம் கட்டம் நஞ்சுக்கொடி வெளியேறுவது. வழக்கமாக அரை மணிக்குள் முடிந்துவிடும். குழந்தை பிறந்தவுடன் ஆக்சிடோசின் ஊசி போடுவது கர்ப்பப்பை சுருங்கி ரத்தப்போக்கு நிற்பதற்காக. கர்ப்பப்பை சுருங்காவிட்டால் நிமிடங்களில் நிலைமை கைமீறும். கேரளத்து மகப்பேறு டாக்டர்கள் 2004 முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும், பெயரையும் மருத்துவமனையையும் மறைத்து, யாரையும் குற்றம் சொல்லாமல் ஆராய்ந்து வருகிறார்கள். அதை முன்னின்று நடத்திய டாக்டர் வி.பி. பைலி, இந்த ரத்தப்போக்கை நிறுத்த ஒரு கருவியையே வடிவமைத்தார்.

பிறந்த பிறகு முதல் இரண்டு மணி நேரம் வீட்டார் எல்லோரும் குழந்தை யார் ஜாடை என்ற விசாரணையில் இறங்கிவிடுவார்கள். அப்போது தாய்க்குப் பக்கத்தில் ஒருவர் நகராமல் இருக்க வேண்டும். துணி சீக்கிரம் சீக்கிரம் நனைகிறதா, முகம் வெளுக்கிறதா, தலை சுற்றுகிறது என்கிறாளா, வியர்க்கிறதா என்று பார்த்து, சந்தேகம் வந்தால் நர்ஸை உடனே கூப்பிட வேண்டும்.