முள் காட்டிய கணக்கு

பிழைப்பின் பொருட்டுப் பனச்சமூட்டில் குடியேறிய நம் இல்லத்தில், சென்ற மாதம் ஓர் இரவு தங்கைக்குப் பிரசவ வலி கண்டது. நெய்யாற்றின்கரை மருத்துவமனைக்கு நமது பழைய காரில் விரைந்தோம். பெட்ரோல் முள் கால் அளவுக்குச் சற்றுக் கீழே நின்றது. முதற்பாதிக்கு 250 கிலோமீட்டர் ஓடிற்று. ஆகவே இன்னும் 100 ஓடும் எனக் கணக்கிட்டோம். இரயில்வேயில் கணக்கெழுதும் நம் கணக்கே பொய்த்தது! நடுவழியில் ஓர் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. தெய்வாதீனமாகப் பின்னால் வந்த ஜீப்புக்காரர் உதவினார். தாயும் சேயும் நலம்.

பிழை எங்கே? தொட்டியினுள் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதுவும் தாழும். அதனோடு இணைந்த கம்பி மின்தடையை மாற்ற, முள் நகரும். எனவே முள் காட்டுவது பெட்ரோல் நிற்கும் உயரத்தையே; இத்தனை லிட்டர் என்பதையன்று.

குடத்தை எண்ணிப் பாருங்கள். வயிற்றுப் பகுதியில் ஓரங்குல நீர் பல குவளை. அடியில் ஓரங்குலம் சில குவளையே. காரின் தொட்டியும் அடிப்பாகங்களுக்கு இடம்விட்டு வளைந்தது. பல வண்டிகளில் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். தொட்டி நிறைந்திருக்கையில் மிதவை மேல்தகட்டில் முட்டி நிற்பதால், சிறிது செலவான பின்னரே முள் அசையும். ஆகவே முதற்பாதி நீளும், பிற்பாதி விரையும். ஏற்றத்திலோ அடியிலுள்ள சிறிதும் ஒருபுறம் ஒதுங்கிவிடும்.

புதிய கார்கள் சிலவற்றில் மின்னணுக் கருவி இதனைத் திருத்திக் காட்டும். பழைய வண்டி வைத்திருப்போர், நிரப்பியது முதல் ஓடிய தொலைவைக் குறித்து வருதல் நலம். உற்றார் தொலைவிலிருக்க அயலூரில் வாழும் நமக்கு நள்ளிரவில் வண்டியே துணை. முள் பாதியைத் தொட்டதும் நிரப்பிவிடுவோமாக!