காலில் வீக்கம், தோலில் நீலம்



வீட்டில் புற்றுநோய்க்கு மருந்தெடுக்கும் வாப்பாவோ உம்மம்மாவோ இருந்தால், இம்மாதப் பக்கம் உங்களுக்குத்தான். ஒரு நாள் அவர்களின் கையில் நீலம் பாய்ந்திருக்கும். அல்லது ஒரு கால் மற்றதை விடப் பருத்திருக்கும். "வயது போனால் இப்படித்தான்" என்று எண்ணெய் சூடாக்கி உருவி விடுவது நம் வழக்கம். இந்த நோயாளருக்கு அது ஆபத்தாகலாம்.

முதலில் நீலத்தைப் பார்ப்போம். முதுமையில் தோல் மெலிந்து விடுவதால் சிறு இடிக்கும் முன்கை கன்றிப்போகும். அது பெரும்பாலும் தானாக மறையும். ஆனால் புற்றுநோய் மருந்து ஏற்றியவருக்கு வேறொரு காரணமும் உண்டு. டெங்குக் காலத்தில் நாமெல்லாம் கேட்டறிந்த குருதிச் சிறுதட்டுகள் இவர்களுக்கும் குறைகின்றன. மருந்தேற்றி ஏறக்குறைய ஒன்று, இரண்டு வாரங்களில் எண்ணிக்கை மிகவும் தாழும். சாதாரணமாக ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 1,50,000க்கு மேல் இருக்க வேண்டியவை 20,000க்கும் கீழே போனால், இடிபடாமலே குருதி கசியலாம். இடிபட்ட நினைவில்லாத நீலம், காலில் குண்டூசி முனை போன்ற சிவப்புப் புள்ளிகள், முரசில் குருதி, கறுத்த மலம் என்பவை கண்டால் அன்றே குருதிப் பரிசோதனை தேவை.

இனி வீக்கம். இங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு காலா, இரண்டு காலுமா? ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் நொந்து, சூடாக இருந்தால் உள் நாளத்தில் குருதி உறைந்திருக்கலாம். புற்றுநோய்க்கும் இந்த உறைவுக்கும் உள்ள உறவை 1865இல் எடுத்துச் சொன்னவர் ஆர்மண்ட் துருசோ என்ற பிரெஞ்சு வைத்தியர். பின்னர் தம் உடம்பிலேயே அத்தகைய உறைவைக் கண்டு, 1867இல் இரைப்பைப் புற்றுநோயால் அவர் இறந்தார். அந்தக் காலை உருவினால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இரண்டு காலும் வீங்குவது குருதியில் புரதம் குறைந்ததாலோ, இதயம், ஈரல், சிறுநீரகம் தளர்ந்ததாலோ இருக்கலாம். நாள் முழுக்கக் கதிரையில் இருந்தாலும் வீங்கும். காரணம் தெரியாமல் பக்கத்து வீட்டாரின் "தண்ணீர் போக்கும் குளிசை"யைக் கொடுக்காதீர்கள்.

இன்னுமொன்று. உறைவுக்கு மருந்தெடுப்பவருக்கு நீலம் கண்டால், பயந்து மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். வலிக்கென்று அஸ்பிரின், டைக்ளோபெனாக் போன்றவற்றைக் கடையில் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். அவை குருதிக்கசிவைக் கூட்டும்.

முன்பு இந்த நோய்க்கென்று மகரகம வரை பயணப்பட்டவர்கள் நம்மில் பலர். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியால் எழுந்த தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. சிகிச்சை நம் பக்கத்திலேயே இருக்கும்போது அடுத்த கிளினிக் திகதி வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

பிள்ளைகளுக்குச் சிரமம் என்று நோவை மறைப்பவர்கள் நம் பெரியவர்கள். சேலைக்குள்ளும் சாரத்துக்குள்ளும் இருக்கும் வீக்கம் கேட்டால்தான் தெரியும். ஆகவே தினமும் ஒரு தடவை இரு கால்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்டதைத் திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். மருந்துப் பெயர்களும் அதிலேயே இருக்கட்டும். இரவில் அவசரமாகக் கொண்டுபோக நேர்ந்தால், முன்பின் அறியாத வைத்தியருக்கும் அந்தக் கொப்பி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.