பைசா கோபுரத்துக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் நடுவே முக்கால் மணி நேர வைன்

புனேயில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு இத்தாலிக்குப் போய்விடுகிறது. முன்பு சிங்கப்பூர், அப்புறம் ஸ்விட்சர்லாந்து பனிமலை, இப்போது இத்தாலியில் "வைன் டேஸ்டிங்". மே மாத லீவுக்கு 8 நாள், 6 ஊர், காலையில் கான்டினென்டல், ராத்திரி பருப்பும் சாதமும். நடுவில் ஒரு நாள் டஸ்கனி. காலையில் பைசா கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பது போல ஒரு போட்டோ, சாயங்காலம் ஃப்ளாரன்ஸ், இரண்டுக்கும் நடுவே முக்கால் மணி நேரம் வைன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். இது வெட்டிச் செலவு. வைன் பிடித்தவருக்கும் வெட்டி, பிடிக்காதவருக்கும் வெட்டி.

கணக்குப் பாருங்கள். ஷெங்கன் விசாவுக்கு மட்டும் பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ (2024 ஜூனிலிருந்து). அதற்கு மேல் டிக்கெட், இன்சூரன்ஸ், ஓட்டல். வருஷம் முழுக்க மேனேஜரிடம் கெஞ்சிச் சேர்த்த லீவு வேறு. இத்தனையும் கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்த வசதியாக நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிற ஒரு கூடத்தில் நாற்பது பேரோடு வரிசையில் நின்று மூன்று கிளாஸை வாயில் ஊற்றிக்கொண்டு, பக்கத்துக் கடையில் காந்தம் ஒட்டிய பொம்மை வாங்கி வருகிறோம். கொடியையும் பார்ப்பதில்லை, மண்ணையும் மிதிப்பதில்லை. தஞ்சாவூருக்குப் போய் வயலைப் பார்க்காமல் சூப்பர் மார்க்கெட்டில் அரிசி மூட்டையைப் பார்த்துவிட்டு வருவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

போவதானால் ஒரே ஒரு பகுதிக்குப் போங்கள். நான்கு நாள் அங்கேயே இருங்கள். என்னைக் கேட்டால் வடமேற்கு இத்தாலியில் பியட்மான்ட் மாநிலத்தின் லாங்கே குன்றுகள். டூரினிலிருந்து ஆல்பா ஊருக்கு ரயில் இருக்கிறது. ஆல்பாவைச் சுற்றித்தான் பரோலோ, பார்பரெஸ்கோ என்ற இரண்டு பெயர் பெற்ற வைன்கள். இரண்டுக்கும் திராட்சை ஒன்றுதான், நெப்பியோலோ. பரோலோ என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் வரையறுத்த 11 ஊர்களுக்குள் விளைந்திருக்க வேண்டும், குறைந்தது 38 மாதம் முதிர்ந்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம். இந்தக் குன்றுகளின் திராட்சைத் தோட்டங்களை யுனெஸ்கோ 2014இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஏன் வசந்த காலம்? அக்டோபர், நவம்பரில் ஆல்பாவில் வெள்ளை டிரஃபிள் சந்தை. அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்டால் தலை சுற்றும். அறுவடை நேரத்தில் தோட்டக்காரருக்கு உங்களோடு பேச நேரம் ஏது? ஏப்ரலில்தான் கொடி துளிர் விடுகிறது, மே மாதம் குன்று முழுக்கப் பச்சை, மே கடைசி வாக்கில் பூக்கத் தொடங்கும். அப்போது ஆளுக்கு மூச்சு விட நேரம் இருக்கும். நம்ம நாசிக்கில் கொடிக்கு உறக்கமே கிடையாது. வருஷத்துக்கு இரண்டு முறை வெட்டிவிட்டு, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். அங்கே அறுவடை முடிந்த கையோடு இங்கே துளிர் பார்க்கப் போகலாம். ஒரே செடி, இரண்டு தட்பவெப்பம். பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல தாவரவியல் பாடம் எந்த டியூஷனில் கிடைக்கும்?

"அப்போ குடிக்கத்தான் குடும்பத்தோட போறீங்களா?" ஊரிலிருந்து சித்தப்பா கேட்பார். கேட்கட்டும். தோட்டத்தில் ஊற்றுவது ஒரு வாய், இரண்டு வாய் அளவு. பக்கத்தில் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். தொழிலில் இருப்பவர்கள் முகர்ந்து, வாயில் சுழற்றி, துப்பிவிடுகிறார்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை. வீட்டில் குடிக்காதவர்கள் இருந்தால் அவர்களும் வரட்டும், முகர்ந்து பார்ப்பதற்கு எந்த விரதமும் கெடாது. பிள்ளைகளுக்கு ஒரு சொட்டும் வேண்டாம். இத்தாலியில் 2012லிருந்து 18 வயதுக்குக் கீழே மது விற்கக்கூடாது. அவர்களுக்கு ஆல்பாவில் வேறு ஆர்வம் உண்டு: நியூட்டெல்லா பிறந்த ஊர் அது, அந்தக் குன்றுகளெல்லாம் ஹேசல்நட் தோப்பு.

சித்தப்பாவை விட எனக்கு எரிச்சல் தருவது இன்னொரு கூட்டம். "அங்கெல்லாம் வைன் ஒரு கலாச்சாரம் சார், நம்மூரில்தான் சாராயம்" என்று கிளாஸைச் சுழற்றுகிறவர்கள். இவர்களுக்கு 1986 தெரியாது. அந்த வருஷம் மார்ச்சில் மெத்தனால் கலந்த மலிவு வைனைக் குடித்து இத்தாலியில் 20 பேருக்கு மேல் செத்தார்கள், பலருக்குக் கண் போனது. அதில் முக்கியமாக மாட்டியது லாங்கேயின் ஓரத்தில் இருக்கிற நார்சோலே என்ற ஊரின் வியாபாரிகள். பரோலோ கிராமம் அங்கிருந்து கூப்பிடு தூரம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் அதே மெத்தனால்தான். ஏழை குடிக்கும் மலிவுச் சரக்கில் காசு பார்க்க விஷம் கலக்கும் புத்தி எந்தக் கலாச்சாரத்துக்கும் அந்நியம் இல்லை. இத்தாலி வைனின் ஏற்றுமதி அன்று சரிந்து விழுந்தது. அதன் பிறகு, மலிவாக நிறைய விற்பதை விட்டுக் குறைவாக, ஒழுங்காகச் செய்வதுதான் பிழைக்கும் வழி என்று அந்த நாட்டு வைன் தொழில் திரும்பியது. அந்த ஊர்க்காரர்களை மதிக்க வேண்டுமானால் இதற்காக மதியுங்கள்.

இன்னொன்று. நாமெல்லாம் ஊரை விட்டு வந்தவர்கள், அதனால் இது நமக்குப் புரியும். லாங்கே பரம ஏழைப் பகுதியாக இருந்தது. போருக்குப் பிறகு குன்றை விட்டு இறங்கி டூரினில் கார் தொழிற்சாலைக்கும் ஆல்பாவில் சாக்லெட் தொழிற்சாலைக்கும் போனவர்கள் ஏராளம். பார்பரெஸ்கோவில் 1958இல் ஊர்ப் பாதிரியார் ஒருவர் 19 சிறு விவசாயிகளைச் சேர்த்து ஒரு கூட்டுறவு தொடங்கினார். நல்ல விலை கிடைத்தால்தான் ஊர் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கூட்டுறவு இன்றும் நடக்கிறது, வைனும் நல்ல பெயரோடு இருக்கிறது. அங்கே போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

இன்று அதே குன்றில் கொடி வெட்டுவதும் குலை பறிப்பதும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 2024 ஜூலையில் ஆல்பா பக்கம் இவர்களைச் சுரண்டியதாக இடைத்தரகர்கள் கைதானார்கள். அதற்கு முந்தின மாதம்தான் ரோமுக்குத் தெற்கே லத்தினா பகுதியில் ஒரு விவசாயப் பண்ணையில் இயந்திரத்தில் கை துண்டாகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலில் போடப்பட்டு இறந்தார் சத்னாம் சிங். நம் நாட்டிலிருந்து போன தொழிலாளி. ஆகவே ருசி பார்க்கும்போது "இது பெரிய பீப்பாயா, சின்ன பீப்பாயா" என்று கேட்பதோடு, "யார் பறிக்கிறார்கள், நேரடியாகச் சம்பளம் தருகிறீர்களா" என்றும் கேளுங்கள். ஒழுங்கானவர் பதில் சொல்வார். முகம் சுளிப்பவரிடம் பாட்டில் வாங்காதீர்கள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்து போகிறவருக்கு இந்தக் கேள்வி கேட்க வாய்ப்பே கிடையாது. பஸ் டூர் மீது என் பெரிய புகார் இதுதான்.

சரி, திட்டத்துக்கு வருவோம்.

ஏப்ரலில் நான்கு நாள் வெரோனாவில் வினிடாலி கண்காட்சி. தோட்டக்காரர்கள் பலர் அங்கே போய்விடுவார்கள், அந்த வாரத்தைத் தவிருங்கள். ஈஸ்டருக்கு மறுநாள், ஏப்ரல் 25, மே 1 மூன்றும் விடுமுறை. சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் இருந்தால் ஏப்ரலில் எப்படியும் நகர முடியாது, மே நடுவில் கிளம்புங்கள். விசாவுக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள்.

சின்னத் தோட்டங்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள், கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும், காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பல இடம் பூட்டு.

குன்றுகளில் பஸ் குறைவு, டிரைவரோடு வண்டி பேசுங்கள். நீங்களே ஓட்டுவதானால் ஓட்டுபவர் துப்பக்கூட வேண்டாம், தொடவே வேண்டாம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை, 2024 டிசம்பரில் தண்டனையை இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பான்யா காவ்தா என்று காய்கறியோடு ஒரு குழம்பு வைப்பார்கள். பார்த்தால் பூண்டும் எண்ணெயும்தான், உள்ளே நெத்திலி கரைந்திருக்கும். தாயாரின் நூடுல்ஸில் முட்டை மஞ்சள் கரு. கேட்டுச் சாப்பிடுங்கள். திரும்பும்போது ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டு வரலாம், அதாவது 2 பாட்டில்.

இவ்வளவுக்குப் பிறகும் 6 ஊர் பார்த்தே தீருவேன் என்றால் தாராளமாகப் போய் வாருங்கள். அந்தப் பட்டியலில் இருக்கிற "வைன் டேஸ்டிங்" என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள். செலவும் குறைவு, யாரையும் ஏமாற்றியதாகவும் ஆகாது.