சோதனை இல்லாத ஸ்கில் வேண்டாம்: ஏஐ ஏஜென்ட்டுகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

ஆய்வகங்களிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் ஏஐ ஏஜென்ட்டுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் விதம் மாறிவருகிறது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்குவதற்குப் பதிலாக, ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒருமுறை எழுதி, தேவைப்பட்டால் அதற்கான நிரல்களையும் கூடவே வைத்து, ஒரு ஃபோல்டராகக் கொடுத்துவிடுகிறார்கள். இதற்கு ஸ்கில் என்று பெயர். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 அக்டோபரில் இந்த வடிவத்தை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் அதை யாரும் பின்பற்றக்கூடிய பொதுத் தரமாக வெளியிட்டது. ஏஜென்ட் முதலில் ஸ்கில்லின் பெயரையும் ஓரிரு வரி விவரத்தையும் மட்டுமே படித்து வைத்திருக்கும். அந்த வேலை வந்த பிறகுதான் முழுக் கோப்பையும் திறக்கும். இந்த ஏற்பாட்டை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் ஆய்வு முடிவையோ, பிறர் நம்பிப் பயன்படுத்தும் மென்பொருளையோ தொடும் ஸ்கில் எதுவானாலும், அது ஆய்வுக்கட்டுரையின் செய்முறைப் பகுதிக்குச் சமம் என்பது எங்கள் நிலைப்பாடு. அது திறந்து காட்டப்பட வேண்டும். அதற்குப் பதிப்பு எண்ணும் பொறுப்பாளரும் இருக்க வேண்டும். முக்கியமாக, விடை முன்பே தெரிந்த ஒரு சோதனை அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஸ்கில்லின் அருமை எங்கே இருக்கிறது என்பதற்கு மரபணுப் பட்டியலைப் பார்த்தாலே போதும். ஒரு மரபணுவுக்குச் செப்ட்2 என்று பெயர் இருந்தது. அந்தப் பெயரை எக்செல்லில் அடித்தால் அது செப்டம்பர் 2 ஆகிவிடும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருப்பதைக் காட்டியது. கடைசியில் எக்செல் மாறும் என்று காத்திராமல், மனித மரபணுப் பெயர்க்குழு 2020-இல் இத்தகைய மரபணுக்களின் பெயரையே மாற்றியது. (ஒரு விரிதாளுக்காக உயிரியல் வளைந்துகொடுத்த விந்தை இது.) பழைய தரவுகளில் பழைய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. 'பெயர்ப் பத்தியை எழுத்தாக மட்டும் படி. தேதி போலத் தெரியும் பெயர் ஒன்று இருந்தாலும் வேலையை நிறுத்திச் சொல்' என்று ஸ்கில்லில் இரண்டு வரி எழுதினால், அனுபவசாலி ஒருவரின் எச்சரிக்கை எல்லா ஏஜென்ட்டுக்கும் போய்ச் சேரும். இரண்டு வரி மட்டும் போதாது என்பதுதான் எங்கள் வாதம். தெரிந்தே கெடுத்து வைத்த ஒரு சிறு பட்டியலும் அந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும். அதைக் கொடுத்தும் ஏஜென்ட் நிற்காமல் போனால், அந்த இரண்டு வரியும் வேலை செய்யவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

இதற்கு எழும் எதிர்ப்புகளில் கனமானது ஒன்று உண்டு: ஒரே ஸ்கில்லை ஆயிரம் பேர் பயன்படுத்தினால், அதில் உள்ள ஒரே தவறு ஆயிரம் இடத்தில் நடக்காதா? நடக்கும். ஏற்கெனவே நடந்தும் இருக்கிறது. மூலக்கூறுகளின் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) கணக்கீட்டுக்காக 2014-இல் ஒரு செய்முறையும் அதோடு சில பைதான் நிரல்களும் வெளியாயின. இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு ஸ்கில்தான். 2019-இல் ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை இயக்கியபோது, ஒரே தரவுக்கு வெவ்வேறு இயங்குதளங்களில் வெவ்வேறு விடை வந்தது. கோப்புகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில்தான் வரும் என்று நிரல் நம்பியிருந்தது. அந்த வரிசைக்குப் பைதான் உத்தரவாதம் எதுவும் தருவதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மீது கேள்வி விழுந்தது. திருத்தமோ, கோப்புப் பெயர்களை வரிசைப்படுத்தும் ஒரு சிறு மாற்றம்தான்.

இதற்கு நேர்மாறானது புரதப் படிகவியலில் நடந்தது. ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தின் ஓர் ஆய்வகத்தில் உள்ளுக்குள் புழங்கிய ஒரு நிரல் இரண்டு பத்திகளை இடம் மாற்றியதால், 2001 முதல் அங்கிருந்து வெளியான பல புரத வடிவங்கள் தவறாகிப்போயின. 2006-இல் சூரிச்சிலிருந்து வந்த இன்னொரு புரதத்தின் வடிவம் அவற்றோடு ஒத்துப்போகாததால்தான் விஷயம் வெளியே வந்தது. ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அது வெளியே யாரும் திறந்து பார்க்கும்படி வைக்கப்பட்ட நிரல் அல்ல. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதிர்ப்புக்கு விடை கிடைக்கிறது. பொதுவில் இருந்த தவறும் ஐந்து ஆண்டுகள் பிழைத்தது, உண்மை. ஆனால் கண்டதும் அந்த வரியையே சுட்டிக்காட்டவும், யாரெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லவும் முடிந்தது. ஸ்கில்லே வேண்டாம், ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்கட்டும் என்றால், தவறுகள் ஆயிரம் விதமாகச் சிதறும். எந்த வரியையும் காட்ட முடியாது.

என்எம்ஆர் சம்பவத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அங்கே நிரல் மாறவில்லை, அடியில் இருந்த இயங்குதளம் மாறியது. ஸ்கில்லுக்கு இயங்குதளம் போன்றது அதைப் படிக்கும் ஏஐ மாடல். ஒரு மாடல் 'நிறுத்திச் சொல்' என்பதற்குக் கட்டுப்படும். அடுத்தது தானே சரிசெய்துவிட்டு மேலே போகக்கூடும். ஆகவே மாடல் மாறும்போதெல்லாம் சோதனையை மறுபடி ஓட்டியாக வேண்டும். கட்டுரையில் ஸ்கில்லின் பதிப்போடு மாடலின் பதிப்பையும் எழுத வேண்டும். மாடல்கள் வளர வளர ஸ்கில்லே தேவைப்படாது என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. மாடல் எவ்வளவு வளர்ந்தாலும், ஓர் ஆய்வகத்தின் கருவி எந்த அளவுக்குப் பிசகும் என்பது எழுதி வைத்தால்தான் அதற்குத் தெரியும். தவிர, என்ன செய்யப்பட்டது என்ற பதிவு மனிதர்களுக்கும் தேவை.

சிறிய ஆய்வுக்குழுக்களுக்கு இது சுமை என்கிறார்கள். பெரிய சோதனைத் தொகுப்பு எதையும் நாங்கள் கேட்கவில்லை. விடை தெரிந்த ஒரு மாதிரி, கெட்ட மாதிரி ஒன்று, அவ்வளவுதான். தொழில் ரகசியம் உள்ள நிறுவனங்கள் வெளியே காட்ட வேண்டியதில்லை, ஆனால் அந்த ஸ்கில்லை வைத்து அறிவியல் முடிவை வெளியிட்டால் காட்டியே ஆக வேண்டும். பிறர் எழுதிய ஸ்கில்லை இறக்கிப் பயன்படுத்துவதில் இன்னும் கண்டிப்பு தேவை. அதில் வெறும் குறிப்பு மட்டுமல்ல, ஓடக்கூடிய நிரலும் இருக்கலாம். லட்சக்கணக்கான சர்வர்கள் நம்பியிருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளுக்குள் 2024-இல் ரகசியக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. லாகின் அரை நொடி தாமதமாவது ஏன் என்று ஒரு பொறியாளர் தோண்டிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது. ஸ்கில்லில் இப்படிக் கெடுதல் செய்ய நிரலே வேண்டியதில்லை. 'முடிவை இந்த முகவரிக்கும் அனுப்பு' என்று நடுவில் ஒரு சாதாரண வாக்கியம் இருந்தாலே போதும். முழுவதையும் ஒரு மனிதர் வாசிக்காத ஸ்கில்லை ஆய்வுத்தரவின் பக்கமே விடக்கூடாது.

ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும் நிதி வழங்குவோருக்கும் எங்கள் கோரிக்கை: நிரலையும் தரவையும் கேட்பதைப் போலவே ஸ்கில்லையும் அதன் சோதனையையும் கேளுங்கள். ஏற்கெனவே ஸ்கில் எழுதி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை அதைத் திறக்கும்போது, உங்கள் கைப்பட விடை கண்ட ஒரு கணக்கை அந்த ஃபோல்டருக்குள் போட்டுவிட்டு மூடுங்கள்.