பழக்கினால் தீருமா கோதுமை ஒவ்வாமை?

கோதுமை உண்டதும் உடல் தடித்து மூச்சு இரைக்கும் குழந்தைக்கு, அதையே சிறிது சிறிதாகக் கொடுத்துவந்தால் பழகிவிடும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. மருத்துவத்தில் வாய்வழித் தடுப்பாற்றல் சிகிச்சை என ஒன்று இருப்பதே இதற்குச் சான்றாகவும் காட்டப்படுகிறது. அச்சிகிச்சை மெய்யே. எனினும், அதன் பயனுக்குக் காரணமான அளவையும் கண்காணிப்பையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது சிகிச்சை ஆகாது.

பழகுவது வேறு, குணமாவது வேறு. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பெரும்பாலும் குழந்தைகளாக இருந்த 46 பேரில் பாதிப்பேருக்குக் கோதுமையின் புரதமான குளூட்டனைப் படிப்படியாக உயர்த்திக் கொடுத்தபோது, ஓராண்டு முடிவில் 23 பேரில் 12 பேர் 4,443 மில்லிகிராம் புரதத்தை, அதாவது ஏறத்தாழ ஒன்றரைச் சப்பாத்திக்குரிய அளவைத் தாங்கினர். போலி மருந்து பெற்றவருள் ஒருவராலும் இயலவில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டுக்குப் பின் எட்டு முதல் பத்து வாரம் நிறுத்திச் சோதித்தபோது, முழு அளவைத் தாங்கியோர் 13 விழுக்காட்டினரே. கிடைத்த தாங்குதிறன் பெரும்பாலும் அன்றாட அளவையே சார்ந்திருந்தது.

வீட்டிலேயே கொடுக்கலாம் என்பது இன்னும் ஆபத்தானது. ஒரு சப்பாத்தித் துண்டில் எத்தனை மில்லிகிராம் புரதம் என்று கண்ணால் அளக்க முடியாது. மேலும் நேற்றுத் தாங்கிய அளவே, காய்ச்சல் உள்ள நாளிலோ உண்டதும் ஓடியாடும்போதோ அனாஃபிலாக்ஸிஸை, அதாவது இரத்த அழுத்தம் சரிந்து மூச்சுக்குழல் இறுகும் உயிர் ஆபத்தை, உண்டாக்கலாம். மேற்கூறிய ஆய்வில், மருத்துவர் மேற்பார்வை இருந்தும், முதலாண்டில் குளூட்டன் பெற்றவர்களுக்குத் தரப்பட்ட வேளைகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டில் ஏதேனும் எதிர்விளைவு தோன்றியது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கடுமையற்றவை என்பதையும் சொல்லவேண்டும். கடுமையாகும்போது உடனே தொடையில் அட்ரினலின் செலுத்துவதே முதல் மருந்து. கொங்குப் பகுதியின் அமராவதி நகரிலிருந்து மருத்துவமனையுள்ள உடுமலைப்பேட்டை சுமார் 25 கிலோமீட்டர் என்பதால், அமராவதி நகரில் வாழும் குடும்பத்துக்கு இத்தொலைவே பெரிய எதிர்வாதம்.

அரிசி உண்ணும் கொங்குப் பகுதிக்கு இக்கவலை பொருந்தாது என்பாரும் உளர். இந்தியக் குழந்தைகளிடம் உணவு ஒவ்வாமை அரிதே. ஆனால் உள்ள குழந்தைக்குக் கோதுமை பரோட்டாவிலும் ரவையிலும் பன்னிலும் மட்டுமன்றி, மாவு கலந்து விற்கப்படும் கூட்டுப் பெருங்காயம் வழியே இரசத்திலும் வந்துசேர்கிறது.

குளூட்டனால் சிறுகுடல் சிதையும் சீலியாக் நோய்க்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கும் முறை அறவே பொருந்தாது. மறுபுறம், வளர வளரத் தானே ஒவ்வாமை நீங்கும் குழந்தைகளும் உண்டு: பால்டிமோர் மருத்துவமனை ஒன்றின் கணக்கில் 12 வயதுக்குள் 65 விழுக்காட்டினருக்கு அது தீர்ந்தது. அவர்களிடம் வீட்டுப் பழக்கம் வெற்றி பெற்றதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

2020 ஜனவரியில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்த வாய்வழி மருந்து நிலக்கடலை ஒவ்வாமைக்குரியது. கோதுமைக்கு அத்தகைய மருந்து இல்லை. ஆகவே பெற்றோர் ஒவ்வாமை மருத்துவரைக் கொண்டு குழந்தையைச் சோதிக்கச் செய்வதும், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிப்படி பொட்டலங்களில் அச்சிடப்படும் ஒவ்வாமைக் குறிப்பைப் படித்து வாங்குவதும், அட்ரினலின் செலுத்தும் முறையைக் கற்றுக்கொள்வதும் இப்போதே செய்யவேண்டியவை.