மூன்றணாவா? பதினைந்தணாவா?

பாராளுமன்றத்தை உலுக்கிய ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு மனிதன் ஒரு நாளைக்கு எத்தனை அணாவில் காலம் தள்ளுகிறான்?

இது வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் தாய்மார்கள் கேட்கும் கேள்வி. 1963-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இதே கேள்வி டெல்லி பாராளுமன்றத்தில் எழுந்தது.

கேள்வியை எழுப்பியவர் எதிர்க்கட்சி மெம்பர் டாக்டர் ராம் மனோகர் லோகியா. பதில் சொன்னவர் பிரதம மந்திரி நேரு.

மூன்றணா என்றார் லோகியா. பதினைந்தணா என்றார் நேரு.

இருவரும் படித்தவர்கள். இருவரும் நாட்டுக்காகச் சிறை சென்றவர்கள். பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? இதில் யார் சொன்னது சரி?

லோகியா யார்?

லோகியா 1910-ம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் அக்பர்பூர் என்ற ஊரில் பிறந்தவர். ஜெர்மனிக்குச் சென்று பெர்லினில் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். 1936-ல் காங்கிரஸ் கட்சியில் வெளிநாட்டு விவகாரப் பகுதி ஒன்று தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பை இந்த இளைஞரிடம்தான் நேரு ஒப்படைத்தார். அந்தக் காலத்தில் இருவரும் அவ்வளவு நெருக்கம்.

சுதந்திரத்துக்குப் பிறகு பாதை பிரிந்தது. 1948-ல் சோஷலிஸ்டுகள் காங்கிரசை விட்டு வெளியேறினார்கள். லோகியாவும் வெளியேறினார். 1962 பொதுத் தேர்தலில் புல்பூர் தொகுதியில் நேருவையே எதிர்த்து நின்றார்; தோற்றார். மறு ஆண்டு பரூக்காபாத் தொகுதியில் நடந்த இடைத் தேர்தலில் ஜெயித்து லோக சபைக்குள் நுழைந்தார்.

கொந்தளிப்பான நேரம்

அவர் நுழைந்த நேரம் சாதாரண நேரம் அல்ல.

1962 அக்டோபரில் சீனா படையெடுத்தது. இந்தியப் படை பின்வாங்க நேர்ந்தது. ராணுவ மந்திரியாக இருந்த கிருஷ்ண மேனன் பதவி விலகினார். நாடு தலைகுனிந்து நின்றது.

யுத்தம் வந்தால் செலவும் வரும். 1963-ல் வரிகள் ஏறின. கட்டாய டெபாசிட் திட்டம் வந்தது. தங்கக் கட்டுப்பாடும் வந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புதிய நகை செய்யக்கூடாது என்றார்கள். கலியாணத்துக்குப் பெண் வைத்திருந்த வீடுகளில் கவலை. பட்டறையை நம்பியிருந்த பொற்கொல்லர் வீடுகளில் அடுப்பு எரிவதே கஷ்டம்.

இந்தச் சமயத்தில், நேரு மந்திரி சபை மீது கிருபளானி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தார். சுதந்திர இந்தியாவின் லோக சபையில் விவாதத்துக்கு வந்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அதுதான். நான்கு நாள் விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில்தான் லோகியா மூன்றணாக் கணக்கை எடுத்துப் போட்டார்.

லோகியாவின் கணக்கு

நாட்டு மக்களில் நூற்றுக்கு 60 பேர், அதாவது 27 கோடிப் பேர், தலைக்கு நாளொன்றுக்கு மூன்றணாவில் வாழ்கிறார்கள் என்றார் லோகியா. பிரதம மந்திரிக்காக ஆகும் செலவோ நாளொன்றுக்கு 25,000 ரூபாய் என்றும் குற்றம் சாட்டினார். அரசாங்கத் தரப்பு இதை ஒப்புக்கொள்ளவில்லை.

1957-ல் நயா பைசா வந்துவிட்டது. ஆனாலும் மக்கள் பேச்சில் அணா போகவில்லை. மூன்றணா என்றால் ஏறத்தாழ 19 நயா பைசா. அப்பா, அம்மா, மூன்று குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு மொத்தம் பதினைந்தணா. ஒரு ரூபாய் கூட இல்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு, துணி, மருந்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

நேரு இதை மறுத்தார். தலைக்கு வருமானம் மூன்றணா அல்ல, பதினைந்தணா என்றார். அந்தக் கணக்குப்படி அதே வீட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு ரூபாய் பதினொரு அணா வரும்.

சராசரி செய்த ஜாலம்

பதினைந்தணா எங்கிருந்து வந்தது? நாட்டின் மொத்த வருமானத்தை எடுத்தார்கள். மொத்த ஜனத்தொகையால் வகுத்தார்கள். கிடைத்தது சராசரி. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது லோகியா கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

ஒரு தெருவில் பத்து வீடுகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒன்பது வீடுகளில் நாள் வருமானம் ஒவ்வொரு ரூபாய். பத்தாவது வீட்டில் 41 ரூபாய். தெருவின் மொத்த வருமானம் 50 ரூபாய். பத்தால் வகுத்தால் வீட்டுக்கு ஐந்து ரூபாய். ஆனால் அந்தத் தெருவில் ஐந்து ரூபாய் சம்பாதிக்கும் வீடு எது? ஒன்று கூடக் கிடையாது!

லோகியா கேட்டது அந்த ஒன்பது வீடுகளைப் பற்றி. நேரு சொன்னது தெரு முழுவதையும் பற்றி. டாட்டாவும் பிர்லாவும் சேர்ந்த சராசரியைக் காட்டினால், கூலிக்காரன் வயிறு நிரம்பிவிடுமா?

இடையில் வந்த ஏழரை அணா

விவாதம் வளர்ந்தது. கீழே உள்ள 60 சதவீத மக்களுக்குத் தலைக்கு ஏழரை அணா என்ற கணக்கு சர்க்கார் தரப்பிலிருந்தே வந்தது.

இந்த ஏழரை அணா சரியென்றால், லோகியாவின் மூன்றணா மிகவும் குறைவான கணக்கு. அதே சமயம், நேருவின் பதினைந்தணா இரண்டு பங்கு அதிகம்.

ஆகவே யாருடைய எண்ணும் நிலைக்கவில்லை. ஆனால் யாருடைய கேள்வி நிலைத்தது? லோகியாவின் கேள்விதான்.

1962-ல் பொருளாதார நிபுணர் குழு ஒன்று கூடி ஆராய்ந்திருந்தது. ஒருவர் ஓரளவு மனிதராக வாழ மாதம் குறைந்தபட்சம் 20 ரூபாய் வேண்டும் என்று அந்தக் குழு கூறியிருந்தது. வைத்தியச் செலவும் படிப்புச் செலவும் இதில் சேரவில்லை. 20 ரூபாயை அணாவாக்கி 30 நாளுக்குப் பங்கிட்டால், நாளொன்றுக்குப் பத்தரை அணாவுக்குச் சற்று மேல் வருகிறது.

சர்க்கார் சொன்ன ஏழரை அணா, இந்தக் குறைந்தபட்சத்தை எட்டவில்லை. பாதிக்கு மேற்பட்ட மக்கள் குறைந்தபட்சத்துக்கும் கீழே இருக்கிறார்கள் என்பது சர்க்கார் கணக்கிலேயே வெளிப்பட்டது. ஓர் எதிர்க்கட்சி மெம்பர் கேட்டிராவிட்டால், இது சபையில் இவ்வளவு பெரிய பேச்சாக ஆகியிருக்குமா?

எல்லைக்கு அப்பால்

லோகியா அடுப்பங்கரைக் கணக்கு மட்டும் பேசியவர் அல்ல. வெளிநாட்டு விவகாரத்திலும் அவருக்குத் தனி வழி இருந்தது.

1946 ஜூன் 18-ந் தேதி கோவாவில் மட்காவ் நகரில் போர்த்துக்கீசிய ஆட்சியின் தடையை மீறினார், கைதானார். கோவா 1961-ல்தான் இந்தியாவுடன் சேர்ந்தது. 1949-ல் நேபாள மக்களின் உரிமைக்காக டெல்லியில் ஆர்ப்பாட்டம் நடத்தி, சுதந்திர இந்தியாவின் சிறைக்கும் போனார்.

1950-ல் சீனப்படை திபெத்துக்குள் புகுந்தது. அதை சிசுக்கொலை என்று லோகியா கண்டித்தார். இமயமலை அடிவாரத்து மக்களின் நட்பும் சுதந்திரமும்தான் இந்தியாவுக்கு அரண் என்பது அவர் வாதம். நேரு சர்க்கார் வேறு வழியில் சென்றது. 1954-ல் சீனாவுடன் பஞ்சசீல ஒப்பந்தம் செய்துகொண்டது. எட்டே ஆண்டுகளில் யுத்தம் வந்தது. அதன் பிறகு சபைக்கு வந்த லோகியாவின் சொல்லுக்குக் கனம் கூடியிருந்தது.

சண்டை ஒன்றே வழி என்றும் அவர் நினைக்கவில்லை. 1964-ல் ஜனசங்கத் தலைவர் தீனதயாள் உபாத்யாயாவுடன் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு கூட்டமைப்பாகச் சேர வேண்டும் என்றது அந்த அறிக்கை.

குறைகளும் உண்டு

லோகியாவின் பேச்சில் காரம் அதிகம். எண்களைச் சில சமயம் ஓங்கி வீசிவிடுவார். மூன்றணாவே அதற்குச் சாட்சி.

ஆங்கிலத்தை ஆட்சி மொழியிலிருந்து அகற்ற வேண்டும் என்பது அவருடைய இயக்கம். தமிழ்நாட்டில் அதை இந்தித் திணிப்பின் மறுபக்கமாகவே பலரும் பார்த்தார்கள். 1965-ல் இங்கு மொழிப் போராட்டம் தீயாக எழுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஏழையின் கணக்கை அவ்வளவு நுட்பமாகப் பார்த்தவர், தென்னாட்டு மாணவனின் அச்சத்தை அதே நுட்பத்தோடு பார்த்தாரா என்பது நியாயமான கேள்வி.

நேருவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். சபையில் அவர் கட்சிக்குப் பெரும் பலம் இருந்தது. விவாதத்தைச் சுருக்கித் தள்ளியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. நான்கு நாள் விவாதத்துக்கு இடம் கொடுத்தார். தாமே எழுந்து பதில் சொன்னார். கேட்கும் எதிர்க்கட்சி இருந்தால் மட்டும் போதாது. பதில் சொல்லும் பிரதம மந்திரியும் வேண்டும்.

தோற்றது யார்?

ஓட்டு எடுத்தார்கள். தீர்மானத்துக்கு ஆதரவு 62. எதிர்ப்பு 347. தீர்மானம் தோற்றது. மந்திரி சபை நிலைத்தது.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. நாட்டின் வருமானம் யார் யாருக்குப் போகிறது என்று ஆராய்ந்து வந்த மகலனோபிஸ் கமிட்டியின் அறிக்கை 1964-ல் வந்தது. 1971-ல் தண்டேகர், ராத் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் இந்திய வறுமை பற்றி ஒரு நூல் எழுதினார்கள். 1960-61-ல் கிராம மக்களில் நூற்றுக்கு 40 பேரும் நகர மக்களில் நூற்றுக்கு 50 பேரும் போதிய உணவுக்கு வழியில்லாமல் இருந்தார்கள் என்று அதில் காட்டினார்கள். வறுமைக் கோடு என்ற சொல் பிறகு பத்திரிகைகளிலும் பட்ஜெட்டுகளிலும் சாதாரணமாகிவிட்டது. இதெல்லாம் லோகியா ஒருவரால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை டீக்கடை வரைக்கும் கொண்டு வந்தவர் அவர்.

லோகியா 1967 தேர்தலில் கன்னோஜ் தொகுதியில் ஜெயித்தார். அதே ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி டெல்லி வில்லிங்டன் ஆஸ்பத்திரியில் காலமானார். அப்போது வயது 57. இன்று அந்த ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

அணா மறைந்துவிட்டது. நயா பைசாவும் மறைந்துவிட்டது. சராசரி மட்டும் மறையவில்லை. நாட்டின் வருமானம் இத்தனை உயர்ந்தது, தலைக்கு இத்தனை ரூபாய் என்று ஆண்டுதோறும் அறிவிப்பு வருகிறது. அதைப் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கேட்டுக் கொள்வது நல்லது.

தெருவின் கணக்குச் சரிதான். அந்த ஒன்பது வீடுகளின் கணக்கு எங்கே?